ஊசி இல்லாத தடுப்பு மருந்து: வந்தால் உங்கள் வீட்டில் குழந்தைக்குப் போட ஒப்புக்கொள்வார்களா?

பவானிக்கரை

எங்கள் இரண்டாவது பெண்ணுக்குப் பதினான்காவது வாரத் தடுப்பூசி போன புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடிந்தது. இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, வலது கையில் ஒன்று, ஆக மூன்று குத்து. அதற்கு முன்னால் கொடுத்த ரோட்டா சொட்டையும் போலியோ சொட்டையும் சப்புக்கொட்டிக் குடித்தவள், முதல் ஊசி இறங்கியதும் மூச்சு நின்றுவிட்டதோ என்று நான் பயப்படும் அளவுக்கு வீறிட்டாள். இரண்டு நாள் காய்ச்சல். இடது தொடையில் இன்னும் சின்னதாகக் கட்டி இருக்கிறது.

அடுத்த தவணையைத் தனியாரிடம் "வலியில்லா ஊசி"யாகப் போட்டுவிடலாம், காசு போனால் போகிறது என்கிறார் என் மாமியார். நானோ காம்பியாவில் குழந்தைகளுக்கு ஒட்டும் பட்டை மூலம் தட்டம்மை மருந்து கொடுத்துப் பார்த்த செய்தியைப் படித்துவிட்டு, இது நமக்கு எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வந்தால் உங்கள் வீட்டில் சம்மதிப்பார்களா? எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் சொன்னபோது, "ஒட்டினா எப்படிம்மா உடம்புல சேரும்?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

மணப்பாறை அப்பா

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டதுதான் என் கேள்வியும். ஊசி என்றால் சிரிஞ்சு காலியாவது கண்ணுக்குத் தெரிகிறது. பட்டையில் மருந்து உள்ளே போனதா, பாதி அதிலேயே தங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? குழந்தை பிய்த்துப் போட்டால்?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் காய்ச்சலுக்குப் போனால்கூட ஊசி போடாத டாக்டரை அரை டாக்டராகத்தான் பார்ப்பார்கள். "வெறும் மாத்திரைதானா?" என்பார்கள். அந்த ஊரில் ஊசி இல்லாத மருந்து என்றால் வீரியம் குறைந்தது என்றே முதலில் நினைப்பார்கள். வலி குறைந்தால் எல்லாரும் ஓடி வருவார்கள் என்று நான் நம்பவில்லை.

பச்சிளம் (குழந்தைகள் நல மருத்துவர்)

பவானிக்கரை, முதலில் மாமியார் சொன்ன "வலியில்லா ஊசி". அந்தப் பெயரால் நிறையப் பெற்றோர் ஏமாந்து போகிறார்கள். அதுவும் ஊசிதான், அதே தொடையில்தான் குத்துவார்கள். குத்தும்போது குழந்தை அதே மாதிரிதான் அழும். வித்தியாசம் பிறகு வருவதில்தான். அரசு தரும் பென்டாவலென்ட்டில் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி, சுருக்கமாக பென்டா) கக்குவான் இருமலுக்கான பகுதி, கொல்லப்பட்ட முழுக் கிருமியால் ஆனது. காய்ச்சல், தொடை வீக்கம், நச்சரிப்பு எல்லாம் பெரும்பாலும் அதனால் வருகிறது. தனியாரில் விலை அதிகமாக விற்கப்படுவதில் கிருமியின் சில புரதங்கள் மட்டும் இருக்கும். அதனால் காய்ச்சல் குறைவு.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, பணத்தைச் சொல்லவில்லை. முழுக் கிருமி மருந்து தரும் பாதுகாப்பு கூடுதல் காலம் நிற்கிறது. அமெரிக்கா 1990களில் புரத வகைக்கு மாறியது. 2010இல் கலிபோர்னியாவில் கக்குவான் பெரிய அளவில் திரும்பி வந்தபோது, புரத வகையின் பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துபோவது வெளிச்சத்துக்கு வந்தது. உங்கள் குழந்தைக்குப் போட்டது நல்ல மருந்து. கட்டி தானாகக் கரையும், தேய்த்துவிட வேண்டாம். நாளுக்கு நாள் பெரிதானாலோ சிவந்து சூடாக இருந்தாலோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்து பட்டை. அந்தக் காம்பியா ஆய்வு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பட்டையில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்முனைகள் இருக்கும், மருந்தே அந்த முனைகளாக இறுகியிருக்கும். தோலில் அழுத்தி ஐந்து நிமிடம் வைத்தால் கரைந்து உள்ளே போய்விடும். பெரியவர்கள் 45 பேர், ஒன்றேகால் வயது தாண்டிய குழந்தைகள் 120, ஒன்பது பத்து மாதக் கைக்குழந்தைகள் 120 பேரிடம் பார்த்தார்கள். மணப்பாறை அப்பா கேட்டது சரியான கேள்வி. பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்த்ததில் பட்டை ஒரே முறை வைத்த கைக்குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் தட்டம்மைக்கு எதிர்ப்பு வந்திருந்தது, அதே பட்டையில் இருந்த ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) மருந்துக்கு எல்லாருக்கும். ஊசி போட்டவர்களுக்கு வந்ததும் ஏறக்குறைய இதேதான். ஒட்டிய இடத்தில் பலருக்குத் தோல் கெட்டியானது, நிறம் மாறியதும் உண்டு.

இது ஆரம்ப கட்ட ஆய்வு. ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் பார்த்த பிறகுதான் உங்கள் புதன்கிழமைக்கு வரும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: முதலில் பட்டைக்கு வருவது தட்டம்மை - ரூபெல்லாதான், உங்கள் பெண்ணை அழவைத்த பென்டா இல்லை. பென்டாவில் அலுமினிய உப்பு இருக்கிறது. அதைத் தசைக்குள் போட்டால் சமாளித்துக்கொள்ளும். தோலுக்குள் வைத்தால் கட்டியும் எரிச்சலும் வரும்.

ஊர்நர்ஸ்

நான் கிராம சுகாதார செவிலியர், திண்டுக்கல் பக்கம். ஊசி போடுகிறவள் பக்கமிருந்தும் சொல்கிறேன்.

கையில் போடும் போலியோ ஊசி தசைக்குள் போடுவது இல்லை, தோலுக்குள். 0.1 மில்லிதான். ஒன்றரை மாதக் குழந்தையின் மேல்கையில், அது உதறிக்கொண்டிருக்கும்போது, ஊசியைத் தோலோடு படுக்கவைத்து நுனியை மட்டும் நுழைத்து மெல்லத் தள்ள வேண்டும். சின்னக் கொப்புளம் வெளுத்து எழும்பினால் சரியாகப் போட்டோம் என்று அர்த்தம். கொஞ்சம் ஆழமாகிவிட்டால் கொப்புளம் வராது. அம்மா கையை அசைத்துவிட்டால் மருந்து வெளியே வழியும். பென்டாவைவிட இதுதான் எங்களுக்குக் கஷ்டம். ஊசியில்லாமல் தோலுக்குள் செலுத்தும் கருவி பாகிஸ்தானில் கராச்சியில் இதே போலியோ மருந்துக்குப் பயன்பட்டிருக்கிறது என்று பயிற்சியில் கேள்விப்பட்டேன். அது வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்தான்.

பட்டையில் எனக்குப் பிடித்தது வேறு. தட்டம்மை மருந்து பொடியாக வரும், அதற்குரிய நீரைக் கலந்து நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் ஐந்து குழந்தைக்கான மருந்து. இரண்டே குழந்தை வந்த அன்றைக்கும் திறக்க வேண்டும், மீதி வீண். கலக்கும் நீர் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே கை நடுங்கும். 2014இல் சிரியாவில் இத்லிப் பகுதியில் அந்த நீருக்குப் பதில் அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளரவைக்கப் பயன்படும் மருந்தைத் தவறாகக் கலந்து 15 குழந்தைகள் இறந்துபோனார்கள். பட்டையில் கலப்பதே கிடையாது. ஒரு பட்டை, ஒரு குழந்தை. குத்திய ஊசியை வெட்டிச் சேகரிக்கும் வேலையும் இல்லை.

காவிரிமணல்

நான் பொது சுகாதாரம் படித்தவன். மணப்பாறை அப்பா சொன்ன புள்ளியைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லாரும் வலியைப் பற்றியே பேசுகிறோம்.

ஊசியில்லாத தடுப்பு மருந்து நமக்குப் புதிதா? நம் நாட்டில் 1995இலிருந்து போலியோ சொட்டு முகாம் நடக்கிறது. இரண்டு சொட்டு, இம்மியளவும் வலி இல்லை. தமிழ்நாட்டில் பேருந்து நிலையத்தில், சத்துணவு மையத்தில், கோயில் திருவிழாவில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். அதே சொட்டு மேற்கு உத்தரப்பிரதேசத்தில், மொராதாபாத் பகுதியில், பிள்ளை பெறும் சக்தியை அழிக்க வந்தது என்று வதந்தி பரவி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. நைஜீரியாவில் கானோ மாநிலம் 2003இல் அதே காரணத்தைச் சொல்லி சொட்டு மருந்தையே நிறுத்தி வைத்தது. அங்கிருந்து கிளம்பிய கிருமி, போலியோ ஒழிந்திருந்த பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கெல்லாம் மறுத்தவர்கள் ஊசிக்குப் பயந்தா மறுத்தார்கள்? ஊசியே இல்லையே. யார் அனுப்பினார்கள், மற்ற நோய்க்கு எட்டிப்பார்க்காத அரசு இதற்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வருகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி.

உத்தரப்பிரதேசத்தில் நிலைமை மாறியதும் மருந்து மாறியதால் இல்லை. அதே இரண்டு சொட்டுதான். உள்ளூர் மதத் தலைவர்களும் அந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களும் வீடு வீடாக உட்கார்ந்து பேசினார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கம் ஹவ்ராவில் வந்ததுதான் இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது.

இப்போது நம் ஊர். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு கிராமத்துக்கு வந்து போடுவதை அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கும்போது மட்டும் என்று மாற்றியது. மக்கள் மனதில் அந்த நாள் தங்கிவிட்டது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா முகாம் பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய குரல் பதிவுகளைக் கேட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் எத்தனை பேர்! இதே பெற்றோர்தான் போலியோ சொட்டுக்குத் தாங்களாகவே வந்தவர்கள். அவர்கள் கேட்டவை எளிமையான கேள்விகள்: ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி ஏன்? ஏன் இவ்வளவு அவசரம்? பக்க விளைவு வந்தால் யார் பொறுப்பு? முகாம் தொடங்குவதற்கு முன்பே இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பட்டையைக் கொண்டுவந்தாலும் இதே கேள்விகள்தான் வரும், புதிதாக ஒன்றும் சேரும்: "இதற்குள் என்ன வைத்திருக்கிறார்கள்?"

தேம்ஸ் வேலூரான்

லண்டனில் இருக்கிறேன். இங்கே பள்ளியிலேயே ஃப்ளூ காய்ச்சல் தடுப்பு மருந்தை மூக்கில் தெளிக்கிறார்கள். 2013இல் சின்னக் குழந்தைகளிடம் தொடங்கி வருடா வருடம் வகுப்புகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு நாசியிலும் 0.1 மில்லி. என் மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்கு வந்து "மூக்கு கிச்சுக்கிச்சு" என்றாள், அவ்வளவுதான்.

ஆனால் இங்கேயும் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு. பல இஸ்லாமியப் பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஊசியில்லாத மருந்து வேண்டாம், ஊசியே கொடுங்கள் என்று கேட்டார்கள்! பிறகு ஜெலட்டின் இல்லாத ஊசியைக் கேட்பவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். எங்கள் பள்ளிப் படிவத்தில் அது தெளிவாகவே எழுதியிருக்கிறது. மறைக்காமல் சொன்னது நல்லது என்று நினைக்கிறேன். வெளியே வேறு யாரோ கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால் நம்பிக்கை மொத்தமாகப் போயிருக்கும்.

அமெரிக்காவில் 2016இல் இதே மூக்கு மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று இரண்டு பருவத்துக்குப் பரிந்துரைப்பதை நிறுத்தி, 2018இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிரிட்டன் நிறுத்தவில்லை, இங்கே பலன் தெரிந்தது. வலி இல்லை என்பது மட்டும் போதாது, வேலையும் செய்ய வேண்டும்.

பச்சிளம்

அதற்கு நம் வேலூரே சாட்சி. ஐரோப்பியக் குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்த போலியோ சொட்டு, நம் குழந்தைகளின் குடலில் அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை என்று வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் ஜான் பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசிப் போலியோ வேண்டும் என்றும் வாதாடினார். இந்தியாவின் அட்டவணையில் அது 2015 கடைசியில்தான் சேர்ந்தது. ரோட்டா சொட்டும் அப்படித்தான். ரோட்டாவாக் என்ற நம் நாட்டு ரோட்டா சொட்டின் ஆய்வு நடந்த இடங்களில் வேலூரும் ஒன்று. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது ஏறக்குறைய பாதிக்குமேல் தடுக்கிறது. நம் நாட்டுக் குழந்தை எண்ணிக்கைக்கு அது பெரிய காரியம், கட்டாயம் கொடுங்கள். ஆனால் வாய்வழி என்பதாலேயே எல்லாம் சிறந்தது என்று நினைக்க வேண்டாம்.

மணப்பாறை அப்பா

கொரோனா சமயத்தில் குஜராத் கம்பெனி ஒன்று ஊசியில்லாத தடுப்பு மருந்து கொண்டுவந்ததே, பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று? பேப்பரில் பெரிதாக வந்தது. என் பையனுக்கு அதுதான் போட வேண்டும் என்று காத்திருந்தோம். கடைசியில் எங்கே போனது?

காவிரிமணல்

சைகோவ்-டி. சைடஸ் கேடிலா நிறுவனத்துடையது. 2021 ஆகஸ்ட் 20இல் அவசர அனுமதி கிடைத்தது. மனிதர்களுக்கு அனுமதி பெற்ற உலகின் முதல் டிஎன்ஏ தடுப்பு மருந்து. முதலில் கொடுக்கத் தேர்ந்தெடுத்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. ஒரு தவணைக்கு மருந்து 265 ரூபாய், செலுத்தும் கருவிக்கு 93 ரூபாய், வரி தனி.

ஆனால் மூன்று தவணை, ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு கையிலும் ஒவ்வொரு முறை. ஊசி இல்லைதான், ஆனால் ஆறு முறை கையை நீட்ட வேண்டும். பாட்னாவில் 2022 பிப்ரவரியில் தொடங்கியபோது, 15 வயதைத் தாண்டியவர்களுக்குக் கோவாக்சின் ஜனவரி 3இலிருந்தே பள்ளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் 12 வயதுக்கு கார்பெவாக்ஸ் வந்துவிட்டது. இரண்டும் சாதாரண ஊசி. பிள்ளைகள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். வேண்டும் என்று நினைத்துவிட்டால் ஊசி பெரிய தடை இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சின்னாளப்பட்டி ரோஜா

அந்தக் கருவி வலிக்கவே வலிக்காதா? யாராவது போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

பச்சிளம்

நானே போட்டுக்கொண்டதில்லை, ஆனால் செயல்படும் விதம் தெரியும். ஸ்பிரிங் விசையால் மருந்து மிக மெல்லிய தாரையாகப் பாய்ந்து தோலைத் துளைக்கும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் விட்டதுபோல் சுரீர் என்று இருக்கும் என்கிறார்கள். "டப்" என்ற சத்தத்துக்கே சில குழந்தைகள் பயப்படும். சில சமயம் ஒரு துளி ரத்தமும் வரும். ஆக, வலி குறைவு என்று சொல்லலாம், வலியே இல்லை என்று சொன்னால் பொய்.

பெரியம்மை ஒழிப்புக் காலத்தில் இதன் முன்னோடியான துப்பாக்கி மாதிரிக் கருவி பல நாடுகளில் இருந்தது. ஒரே முனை, வரிசையில் எல்லாருக்கும். அதில் ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகும் ஆபத்து உண்டு. 1980களில் கலிபோர்னியாவில் எடைக்குறைப்பு கிளினிக் ஒன்றில் அப்படி ஹெபடைடிஸ் பி பரவியது. அந்த வகையை இப்போது பயன்படுத்தக் கூடாது. புதியவற்றில் ஒவ்வொருவருக்கும் தனி முனை, ஒரு முறைக்குமேல் வேலை செய்யாது. பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயம்தான்.

அறந்தாங்கி மாமா

எல்லாம் சரி. இரண்டு நிமிட அழுகைக்கு இவ்வளவு பேச்சா? நாமெல்லாம் அழுதுதான் வளர்ந்தோம். அந்தப் பணத்தில் இன்னும் நாலு செவிலியரை வேலைக்கு எடுக்கலாம்.

சின்னாளப்பட்டி ரோஜா

மாமா, செவிலியரை எடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் இரண்டு நிமிடத்தோடு அது முடிவதில்லை. என் மூத்தவளுக்குப் பத்து வயதில் பள்ளியில் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி போட வந்தார்கள். ஊசியைப் பார்த்ததுமே முகம் வெளுத்து மயங்கி விழுந்தாள். இப்போது ரத்தப் பரிசோதனை என்றாலே இரண்டு நாள் தூங்க மாட்டாள். பதினாறு வயதில் அடுத்த டிடி இருக்கிறது. பள்ளி அனுப்பும் காகிதத்தை என்னிடம் காட்டாமல் ஒளித்துவைப்பாளோ என்று இப்போதே யோசனை. பெரியவர்களில்கூட ஊசிக்குப் பயந்து சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களை நமக்குத் தெரியாதா?

பச்சிளம்

ரோஜா சொல்வதை நான் தினமும் பார்க்கிறேன். கனடாவில் டொரண்டோவைச் சேர்ந்த ஆன்னா டாடியோ இதையே பல வருடமாக ஆராய்கிறார். அங்கே கேட்டதில் ஏறக்குறைய நாலில் ஒரு பெற்றோரும், மூன்றில் இரண்டு குழந்தைகளும் ஊசிக்குப் பயம் என்றார்கள். தடுப்பூசியின்போது வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனமே 2015இல் தனி அறிக்கை வெளியிட்டது. குழந்தையின் வலிக்கு மரியாதை கொடுப்பதைச் செல்லம் என்று சொல்லாதீர்கள், மாமா.

நம் வீடுகளில் அந்தப் பயத்தை நாமே வளர்க்கிறோம். "சாப்பிடலைன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்." என் அறை வாசலிலேயே இதைக் கேட்கிறேன். அப்புறம் உள்ளே வந்து, "வலிக்காது கண்ணு" என்பார்கள். வலிக்கும். குழந்தை அன்றிலிருந்து இரண்டு பேரையும் நம்பாது.

பவானிக்கரை

மாமியாரிடம் டாக்டர் சொன்னதை வாசித்துக் காட்டினேன். "அதுவும் குத்துறதுதானா?" என்று கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடரலாம் என்று ஒப்புக்கொண்டார். சரி, பட்டை வரும்வரை என்ன செய்வது? ஒன்பதாவது மாதம் மறுபடி மூன்று குத்து இருக்கிறதே.

ஊர்நர்ஸ்

ஆமாம்மா. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா, நிமோனியா ஊசியின் ஊக்கத் தவணை, போலியோ மூன்றாவது. நான் செய்வதைச் சொல்கிறேன்.

படுக்கவைக்க வேண்டாம். மடியில் நிமிர்த்தி, நெஞ்சோடு அணைத்து உட்காருங்கள். ஒரு கை குழந்தையின் கைகளைச் சேர்த்துப் பிடிக்கட்டும், கால் உங்கள் தொடைகளுக்கு நடுவே. இறுக்கி நெரிக்கக் கூடாது, அசையாமல் இருந்தால் போதும். ஊசிக்கு முன்னாலேயே பால் கொடுக்க ஆரம்பியுங்கள், போடும்போதும் விடாதீர்கள். எங்கள் நிலையத்தில் இதற்காகவே ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிவைத்திருக்கிறேன். கூட்டம் பார்க்கிறது என்று பால் கொடுக்காத அம்மாக்கள்தான் அதிகம், அதனால். அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போட்ட இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை எடை பார்த்து நாங்கள் சொல்வோம்.

தேம்ஸ் வேலூரான்

பட்டை வந்தால் செவிலியரே தேவையில்லை, தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து ஒட்டிவிட்டுப் போகலாம் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். அக்கா, உங்களுக்கு அது சரி என்று படுகிறதா?

ஊர்நர்ஸ்

ஒட்டுவதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் தம்பி. மலைக்கிராமம், செங்கல் சூளை, குளிர்பெட்டி போய்ச் சேராத இடத்துக்கெல்லாம் அது வரப்பிரசாதம். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஆனால் போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைக்கிறோமே, அந்த அரை மணி நேரம் போய்விடக் கூடாது. அபூர்வமாக ஒரு குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால் கையில் மருந்தோடு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஊசியோ பட்டையோ. அதுவும் இல்லாமல், அந்த நேரத்தில்தான் அம்மாக்கள் கேட்கிறார்கள். பால் பற்றவில்லை, எடை ஏறவில்லை, வீட்டுக்காரர் அடுத்த ஊசி வேண்டாம் என்கிறார், பக்கத்து வீட்டில் ஏதோ சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பதிவை என் முன்னால் ஓடவிட்டு, "இது நெசமா அக்கா?" என்று கேட்ட அம்மாவுக்கு அங்கேதான் பதில் சொன்னேன். தன்னார்வலர் ஒட்டலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரை அவரோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.